சக்கரம் சுட்ட மான்

மானைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அதைப் படைத்தவர். இன்னொருவர் வடக்கே, பெரிய ஏரியின் கரையில், பெல்டோலா முக்கில் குடியிருக்கும் ஆர்வோ நிஸ்காலா. படைத்தவருக்காவது நடுநடுவே சந்தேகம் வந்திருக்கலாம். ஆர்வோவுக்கு வந்ததில்லை. மான் எத்தனை மணிக்கு எழும், எழுந்ததும் எந்தக் காலை முதலில் நீட்டும், வடமேற்குக் காற்றடித்தால் எந்த மேட்டைத் தாண்டும், தாண்டும்போது என்ன நினைத்துக்கொண்டு தாண்டும் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி.

இதை அவர் விளையாட்டாகச் சொன்னதில்லை. ஆராதனை முடிந்து மாதா கோவிலில் காப்பி குடிக்கும்போதும், பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கும்போதும், ஒட்டுப்பலகை ஆலையில் சத்தத்துக்கு மேலே கத்தியும் சொல்லியிருக்கிறார். ஊரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது. இருபத்திரண்டு வருஷமாக அவர் வீட்டுக் கொட்டகையில் நவம்பர் மாதம் மான் தொங்காமல் இருந்ததில்லை. தொங்குகிறவன் சொன்னால் மறுக்கலாம். தொங்கவிடுகிறவன் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஆலையை மூடினார்கள். வேலை போன அன்றைக்கு, ஏரிக்கரைப் பக்கம் மாடு வளர்க்கிற மச்சினன் ரூடி வந்து, "அத்தான், அரை மாடு தர்றேன். ஃப்ரீஸர்ல போட்டு வைங்க, குளிர்காலம் ஓடிரும்" என்றான். ஆர்வோ அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாடுங்கிறது வேலிக்குள்ள நிக்கிற காய்கறி, மாப்ளே. நவம்பர் வரட்டும். மூணு மான் தொங்கும். உனக்கு ஒரு தொடை நான் தர்றேன்."

ரூடி பாதி மாட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான்.

நவம்பர் வந்தது. முதல் வாரம் முழுக்க மூடுபனி; தன் கையையே தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. இரண்டாம் வாரம் ஏரிக்காற்று தன் பங்குக்கு மூன்று நாளில் நான்கடி பனியைக் கொட்டியது. துப்பாக்கியால் மான் சுட விடுகிற பருவம் பதினைந்து நாளும் அப்படியே போயிற்று. அப்புறம் மிச்சமிருந்தது டிசம்பரில் பத்து நாள் விடுகிற பின்பருவம். அதில் பழைய மாதிரித் துப்பாக்கி மட்டும்தான்: குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கி, பின்பக்கம் பொறி தட்டுகிற கேப்பு வைத்து, ஒரே ஒரு வெடி. தவறினால் மறுபடி மருந்து, மறுபடி இடி. அதற்குள் மான் பக்கத்து ஜில்லாவில் இருக்கும்.

பத்தில் எட்டு நாள் முடிந்துவிட்டது. ஃப்ரீஸருக்குள் ஏழு பை ப்ளூபெரியும் மூன்று வெள்ளை மீனும் இருந்தன. ஆலையில் கடைசி நாளன்று கொடுத்த, அடிபட்டால் ஒத்தடம் வைக்கிற ஐஸ் பொட்டலம் ஒன்றும் இருந்தது. அதை யாரும் எதற்கென்று கேட்கவில்லை.

சனிக்கிழமை நடுப்பகலில் ஆர்வோ வீட்டுக்கு வந்தபோது தெரு எது, வயல் எது என்று தெரியாதபடி பனி அடித்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் போய்த் துப்பாக்கியை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவது வழக்கம். அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் துப்பாக்கி வீட்டுக்குள் வராது. மருந்து கெட்டித்தது கெட்டித்தபடி, கேப்பு மட்டும் கழற்றி, விறகோடு விறகாகக் குளிரில் கிடக்கும். சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வேர்க்கும், வேர்த்தால் மருந்து நனையும். தெற்கே நகரத்திலிருந்து வருகிறவர்கள்தான் அதைக் குழந்தையைப்போல அடுப்பு ஓரத்தில் வைத்துக் காயவைப்பார்கள். ஆர்வோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்றைக்கு வாசற்படி ஏறும்போதே உள்ளேயிருந்து ரூடியின் குரல் கேட்டது.

"அக்கா, லிஸ்ட்ல உன் பேரு எத்தனாவதா இருக்கு?"

ஆர்வோ பூட்ஸை உதறிக்கொண்டே நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

"என்ன லிஸ்ட்?"

மனைவி ஐலா மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். வாரநாளில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு ஆக்குகிறவள். சனிக்கிழமை வீட்டுக்கு ஆக்குவாள். மாவை மடித்துச் சுடுகிற பேஸ்டிக்கு உள்ளே வைக்கிற உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வெங்காயமும் நறுக்கிக் கிடந்தன. இறைச்சி இருக்கவேண்டிய கிண்ணத்திலும் டர்னிப்பே இருந்தது.

"ஷெரீஃப் ஆபீஸ் லிஸ்ட்" என்றாள் திரும்பாமல். "ரோட்டுல வண்டி அடிச்ச மான் கெடச்சா வரிசைப்படி கூப்பிட்டுக் குடுப்பாங்க. அங்க ஃபோன் எடுக்கிற டார்லீன் கிட்ட என் பேரச் சொல்லி வச்சிருக்கேன்."

ஆர்வோ தோளில் கிடந்த துப்பாக்கியை விறகடுப்பு ஓரத்தில் சாய்த்தார். வாதாட இரண்டு கையும் தேவைப்பட்டது.

"ரோட்டுல செத்தத எடுத்துத் திங்கிறதா?"

"செத்து பத்து நிமிஷத்துல எடுக்கிறதுதான். குளிர் வேற. உன் மான் என்ன உயிரோடவா தட்டுக்கு வருது?"

"அது வேற, ஐலா. நான் சுட்டது வேற. இது சக்கரம் சுட்டது."

ரூடி காப்பியில் ரொட்டியைத் தோய்த்தபடி, "சக்கரம் தவறாம சுடுது அத்தான்" என்றான்.

"நீ சும்மா இரு. நாளைக்கு ஊருக்குள்ள ஒருத்தன் கேப்பான், 'ஆர்வோ, இந்த வருஷம் எதுல சுட்டே?'ன்னு. என்ன சொல்லட்டும்? 'ஃபோர்டு, எட்டு சிலிண்டர்'னு சொல்லட்டுமா?"

"எத்தனை முனைக் கொம்புன்னு கேட்டா?" என்று ரூடி எடுத்துக்கொடுத்தான்.

"பம்பர்ல ஒண்ணு, ரோட்டுல ரெண்டுன்னு சொல்றேன்!"

ஐலா மாவுக்கட்டையை வைத்தாள். "பொண்ணுங்க ரெண்டும் கூடைப்பந்து ஆடிட்டு அஞ்சு மணிக்கு வரும். ஓநாய் மாதிரி பசியோட வரும். டர்னிப்புக்குள்ள டர்னிப்ப வச்சு மூணு வாரமா குடுக்கிறேன். நேத்து சின்னவ என்ன கேட்டா தெரியுமா? 'அம்மா, அப்பாவுக்கு மானோட சண்டையா?'ன்னு கேட்டா."

"சண்டை இல்ல. மான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எங்க?"

"தேவதாரு சதுப்புல. நாலடி பனி விழுந்தா வேற எங்க போகும்? மரத்தடியில பனி கம்மி, இலை இருக்கு, காத்து இல்ல. எங்க அப்பா காலத்துலயும் அங்கதான், எனக்கும் அங்கதான்."

"எட்டு நாளா அங்கதான போற?"

"ஓரத்துலதான் போனேன். பனி விடல. நாளைக்கு நடுவுக்கே போறேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"கடைசி நாள். கர்த்தருக்கும் தெரியும்."

"கர்த்தர் அரை மாடு குடுத்தனுப்பினாரு. வேண்டாம்னு சொல்லிட்டே" என்றாள் ஐலா.

பேச்சு அங்கிருந்து மாட்டுக்குப் போயிற்று. மாட்டிலிருந்து ரூடியின் வைக்கோலுக்கும், வைக்கோலிலிருந்து ஆலை முதலாளிக்கும், அவனிடமிருந்து ஆர்வோவின் தாய்மாமன் ஒருவர் ஐம்பத்தொன்றாம் வருஷத்தில் ஒரே வெடியில் இரண்டு மான் சுட்டதற்கும் போயிற்று. அதில் இரண்டாவது மான் பயத்தில் விழுந்ததாக ரூடி சொன்னான். கெட்டில் கொதித்து மூடி குதித்தது. ஈரக் கையுறைகள் அடுப்புக்கு மேலே கொடியில் ஆவி விட்டன. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் கோத்து வழிந்தது. அடுப்பு ஓரத்தில் சாய்ந்திருந்த துப்பாக்கியும் மோர்ப்பானை மாதிரி முத்து முத்தாக வேர்த்து, சொட்டி, காய்ந்தது. அடுப்பைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் குளிர்காலத் துப்பாக்கியைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கத் தகுதி உள்ளவர்கள். ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஆர்வோ அதைத் தூக்கிக்கொண்டுபோய், ஒழுங்காக, கொட்டகைக் குளிரில் வைத்தார்.

மறுநாள் விடியும்போது பூஜ்யத்துக்குக் கீழே இருபது. காற்று நின்றிருந்தது, பனி மட்டும் நிற்கவில்லை. ஆர்வோ மரம் ஏற்றும் லாரிப் பாதையில் வண்டியை நிறுத்தி, மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் மேல் ஒரு மரக்கால் பனி ஏறிக்கொண்டது. அதைத் தூக்கி உதறி அடுத்த அடி. அரை மைலுக்கொரு முறை தொடை இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி நடுங்கின. வேர்க்கக்கூடாது என்று மெதுவாக நடந்தார். வேர்த்தால் உட்காரும்போது சட்டை பலகையாகிவிடும்.

சதுப்புக்குள் நுழைந்ததும் மான் பாதை தென்படவேண்டும். வருஷாவருஷம் நூறு மான் நடந்து நடந்து இடுப்பளவுப் பள்ளமாக, கடைத்தெரு மாதிரி மிதிபட்டுக் கிடக்கும். புழுக்கை சிந்தியிருக்கும். எட்டும் உயரம்வரை தேவதாரு இலையைச் சீவிவிட்ட மாதிரி தின்று வைத்திருக்கும்.

ஒன்றும் இல்லை. பனி, பாயில் விரித்த அரிசிமாவு மாதிரி, கை படாமல் கிடந்தது. இலைகள் தரைவரை பச்சையாகத் தொங்கின.

ஆர்வோ நின்றார். வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரைப்போலச் சுற்றிப் பார்த்தார். ஓடை இருந்தது. இடி விழுந்து பிளந்த மரம் இருந்தது. அவரே பதினாறு வயதில் பேர் செதுக்கிய மரமும் இருந்தது. சதுப்பு அதேதான். மான்தான் இல்லை.

"வடக்கே ஒதுங்கியிருக்கும்" என்று சத்தமாகச் சொன்னார். வடக்கே போனார். அங்கே ஒரு முயல் தடம் வந்து, அவரைப்போலவே எதையோ தேடிக் காணாமல், திரும்பிப் போயிருந்தது. "அப்ப தெற்கே" என்றார். தெற்கேயும் அதே அரிசிமாவு. காற்றில்லாத நாளில் மான் மேட்டில் படுக்கும் என்று ஒரு விதி அவரிடம் இருந்தது. கடுங்குளிரில் மேட்டில் படுக்காது என்று இன்னொரு விதியும் இருந்தது. இத்தனை வருஷமாக இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. அன்றைக்குச் சந்தித்துக்கொண்டு, இரண்டும் அவர் முகத்தையே பார்த்தன.

மத்தியானம் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்த பேஸ்டியை எடுத்துத் தின்றார். டர்னிப். மேலும் கீழும் ஒரே வெள்ளையாக இருந்ததில் பனி விழுகிறதா, தாம்தான் மெதுவாக மேலே போகிறோமா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு, திரும்பலாம் என்று எழுந்தபோது, இருபது அடி தள்ளி ஒரு பெட்டை மான் நின்றது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தடம்கூட இல்லாத மாதிரி இருந்தது. தேவதாரு இலையை இழுத்து, கிளை பனியை உதறியதும் கண்ணைச் சிமிட்டி, மென்றுகொண்டிருந்தது. பெட்டை சுடவும் அவரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆர்வோ பல்லால் கையுறையைக் கழற்றினார். கேப்பை வைத்தார். இரண்டு பெண்களும் தட்டும் கண்ணுக்குள் வந்தன. மூச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தார்.

டிக்.

மான் காதைத் திருப்பியது.

"நில்லு" என்று கிசுகிசுத்தார். புதுக் கேப்பு. டிக். இன்னொன்று. டிக். நாலாவது கேப்பு விறைத்த விரலிலிருந்து பனிக்குள் விழுந்து மறைந்தது. ஐந்தாவது 'பட்' என்று வெடித்தது. குழலுக்குள் மட்டும் யாரோ தூங்கினார்கள். மான் மென்றதை விழுங்கிவிட்டு அவரை முழுசாக ஒருமுறை பார்த்தது. பிறகு, விருந்தாளி கிளம்பத் தாமதிக்கும்போது வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போவதுபோல, அவசரமில்லாமல் மரங்களுக்குள் போயிற்று.

ஆர்வோ துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து நல்ல மருந்து. கேப்பு புதுப் பெட்டி. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. மானுக்குத்தான் ஏதோ தெரிந்திருக்கவேண்டும் என்று பட்டது. அப்படிப் பட்டதும் அவருக்குக் குளிர்ந்தது.

ஊருக்குள் வண்டி நுழையும்போது வேட்டை நேரம் முடிந்திருந்தது. மாதா கோவில் முன்னால், வாசல் விளக்கு வெளிச்சத்தில், பாஸ்டர் லுண்ட் விளக்குமாறும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். ஆர்வோ வண்டியை நிறுத்தினார். நிறுத்தாமல் போகமுடியவில்லை.

கோவிலைச் சுற்றி மாதர் சங்கம் நட்டு வளர்த்த தேவதாரு வேலியில் பதினொரு மான்கள் வரிசையாக நின்று தின்றுகொண்டிருந்தன. இரண்டாம் தடவையும் எண்ணிப் பார்த்தார். பதினொன்று. வேலி, அவற்றுக்கு எட்டும் உயரம்வரை, சீவிவிட்ட மாதிரி இருந்தது. பாதை கடைத்தெருவாக மிதிபட்டிருந்தது. புழுக்கை சிந்தியிருந்தது.

"பாஸ்டர், இதுங்க எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வாரம் ஆச்சே. பனி தள்ளுற வண்டி ரோட்டச் சுத்தம் பண்ணுதில்ல, அது வழியாவே நடந்து வந்துருச்சுங்க. நாய்க்கும் பயமில்ல, எனக்கும் பயமில்ல. காலையில பிரசங்கத்துக்குக்கூட ஜன்னல் ஓரமா நின்னுச்சுங்க. நீ பாக்கலியா?"

"நான் காட்டுல இருந்தேன்."

"ஆமா" என்றார் பாஸ்டர் யோசித்துவிட்டு. "நீ காட்டுலதான இருந்தே."

ஊருக்குள் சுடக்கூடாது. நேரமும் முடிந்துவிட்டது. துப்பாக்கியும் வெடிக்காது. எது முதல் காரணம் என்று தெரியாமல் ஆர்வோ வீட்டுக்குப் போனார்.

வண்டியில் மான் இல்லாததை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டு, ரூடி சாப்பாட்டு மேஜையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தான். சுட்டுத் தவறினவனுடைய சட்டை வாலை வெட்டி, பேரும் தேதியும் எழுதி, கொட்டகைச் சுவரில் ஆணி அடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுவரில் ரூடியின் சட்டை மட்டும் ஏழு. ஆர்வோவுடையது இல்லை.

"எழுந்து நில்லுங்க அத்தான். நல்ல சட்டையா வேற இருக்கு."

"நான் தவறல."

"மான் எங்க?"

"போயிருச்சு."

"குண்டு?"

"குழல்லயே இருக்கு."

"அப்ப தவறினதுதான?"

"குண்டு வெளிய வந்து மான் மேல படாட்டித்தான் தவறினது. வெளியவே வரல. அது எப்படித் தவறும்? தபால் பெட்டியில போடாத கடுதாசி எப்படி வழியில தொலையும்?"

ரூடி கத்தரியை மேஜைமேல் வைத்துத் தீவிரமாக யோசித்தான். பெரியவள், அப்பா சொல்வதில் நியாயம் இருப்பதாகச் சொன்னாள். சின்னவள், வெட்டினால்தான் அழகு என்றாள்.

ஐலா சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "நேத்து மத்தியானம் துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

"கொட்டகைல. எப்பவும்போல."

"வந்த உடனேயா?"

ஆர்வோ கரண்டியைத் தூக்கினார். பாதியில் அது நின்றது. கண் மெதுவாக விறகடுப்புப் பக்கம் போயிற்று. அடுப்பு ஓரத் தரையில், சொட்டி உலர்ந்த நீரின் வட்டம் துரு நிறத்தில் இன்னும் இருந்தது. ரூடியும் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது; அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சூப்போடு சேர்த்து விழுங்கினான். கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதுதான் ஆர்வோவுக்கு அதிகமாக உறைத்தது. வெட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை காலையில் வீடு காலி. ஐலா பள்ளிக்கூடச் சமையலறைக்கும் பெண்கள் படிக்கவும் போயிருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது.

"ஐலா இருக்காளா? ஷெரீஃப் ஆபீஸ்லேருந்து டார்லீன் பேசுறேன்."

"வேலைக்குப் போயிருக்கா. நான் ஆர்வோ."

"ஓ, ஆர்வோவா. ஒண்ணுமில்ல. சரளைக் குவாரிக்கிட்ட மரம் ஏத்துற லாரி ஒண்ணு மான அடிச்சிருக்கு. இப்பதான். தலைல மட்டும்தான் அடி, உடம்புக்கு ஒண்ணுமில்லையாம். லிஸ்ட்ல அடுத்தது ஐலா. ஆனா அவளை நான் இப்ப எங்க பிடிக்கிறது? உனக்குத்தான் இதெல்லாம் ஆகாதே. நீ 'சக்கரம் சுட்டது'ன்னு சொன்னத ரூடி பெட்ரோல் பங்க்ல சொல்லி, இங்க எல்லாரும் சிரிச்சோம். சரி, அடுத்த பேருக்குக் கூப்பிட்டுடுறேன். வச்சிடட்டுமா?"

சமையலறையில் டர்னிப் வாசனை அடித்தது. ஃப்ரீஸர் ஒருதரம் உறுமி, குலுங்கி, எதைக் குளிரவைப்பது என்று தெரியாமல் நின்றது.

"ஆர்வோ? லைன்ல இருக்கியா?"

"குவாரிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார்.

பெட்டை மான். மூன்று வயது இருக்கும். பனிமேட்டில் ஒருக்களித்துப் படுத்த மாதிரிக் கிடந்தது. வயிற்றில் கை வைத்தால் சூடு. ஆர்வோ வண்டியை ரோட்டுக்கும் தமக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, முழங்காலில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டினார். அந்த வேலையில் அவர் கைக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அன்றைக்கும் இல்லை. இரைப்பையைத் திறந்து பார்த்தார். இது ஒரு பழக்கம். பாதி மென்ற தேவதாரு இலை. காட்டு மரமா, கோவில் வேலியா என்று முகர்ந்து பார்த்தார். சொல்ல முடியவில்லை. இரண்டு கார்கள் கடந்துபோயின. இரண்டு தடவையும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கொட்டகையில் மானைத் தொங்கவிட்டு, கையைக் கழுவி, ஒரு தொடையிலிருந்து இரவுக்கு வேண்டியதை மட்டும் அறுத்துக் கிண்ணத்தில் போட்டு, மேஜைமேல் மூடி வைத்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஃபோனை எடுத்து நம்பரைச் சுற்றினார்.

"எடுத்துட்டேன், டார்லீன்."

"நல்லது. ஐலா பேர அடிச்சிடுறேன். மறுபடி வேணும்னா கடைசில எழுதணும். எழுதட்டுமா?"

"எழுது."

"எழுதிட்டேன். வேற?"

"அதுக்குக் கீழ இன்னொரு பேரு."

"யாரு பேரு?"

ஆர்வோ ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. வாயை ஃபோனுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சொன்னார். டார்லீனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.